துண்டும் தகரமும் பாஸ்போர்ட்டும்

சின்னமனூர் பேருந்து நிலையத்தில் மேகமலை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு காலையில் அந்த நோட்டீசைப் பார்த்தேன். பெண்கள் கழிப்பறை வாசலை ஒட்டிய சுவரில் ஒட்டியிருந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் பெண்கள் தேவை; சாப்பாடு, தங்குமிடம் இலவசம்; உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை. கீழே ஒரு செல்போன் எண். நிறுவனத்தின் பெயர் இல்லை, முகவரி இல்லை, எந்த நாடு என்பதுகூட இல்லை. ஆண்கள் பக்கச் சுவரில் தேடினேன், காணவில்லை. யாருக்காக ஒட்டப்பட்டது என்பதை ஒட்டிய இடமே சொல்லிவிட்டது.

அதை என் அம்மாச்சிக்குப் படித்துக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார். அவரை வேலைக்கு அழைத்துப்போனவர் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். வீடு சும்மா, அரிசி எஸ்டேட்டிலேயே கிடைக்கும், வழிச்செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் கொடுத்துவிட்டு வர முன்பணமும் தருகிறேன். அவர் போனது கடல் தாண்டி அல்ல. சின்னமனூரிலிருந்து அண்ணாந்தால் தெரிகிற மலைக்கு. இன்று சுற்றுலாக்காரர்கள் மேகமலை என்று தேடி வருகிற அந்த ஊரை அம்மாச்சி கடைசிவரை ஹைவேவிஸ் என்றுதான் சொல்வார். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று ஆறுகளின் பெயரில் தேயிலைப் பகுதிகள். இப்போது மேலே போகிற சாலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மலர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அம்மாச்சிக்கு வளைவுகள் நினைவில் இல்லை, கடன்தான் நினைவில் இருந்தது. பெண் பிள்ளையின் சடங்குக்குக் கீழே இறங்க வேண்டும் என்றாலும் முதலில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். "மலைக்குப் போறதுக்கு ஒரு வார்த்தை போதும், எறங்குறதுக்குத்தான் காசு வேணும்" என்பார்.

வெளிநாடு போகும் பெண்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளை ஒரு காலத்தில் சேகரித்துவந்தேன். பெரும்பாலும் அவை அந்நியர்களைப் பற்றியவை. தெரியாதவரிடம் பேசாதே, இருட்டிய பின் வெளியே போகாதே, நகை அணியாதே, தனியாகப் போகாதே. ஆனால் தமிழ்ப் பெண்கள் வேலை தேடி ஊரைவிட்டுப் போன கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் படித்தால் வேறு ஓர் ஆள் கண்ணில் படுகிறார். அவர் அந்நியர் இல்லை. நம் தெருக்காரர், நம் சாதிக்காரர், பல நேரம் நம் சொந்தக்காரர். பெண்கள் பாதுகாப்பை இழந்தது கப்பலிலோ விமானத்திலோ அல்ல. அதற்கு வெகு முன்னால், சொந்த ஊரில், செலவும் காகிதமும் அந்த ஆளின் கைக்குப் போன நேரத்தில்.

கண்காணி என்ற சொல்தான் கங்காணி ஆனது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்க்க வெள்ளைக்காரத் துரைமார் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நேரே வந்ததில்லை. ஏற்கெனவே தோட்டத்தில் இருந்த ஒருவரைக் கையில் பணத்தோடு அவருடைய ஊருக்கே அனுப்பினார்கள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அவர் பளிச்சென்று வேட்டி கட்டி வந்து இறங்குவார். இன்றைய தேனி மாவட்டம் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல். வந்தவர் யாருக்கோ மாமா, யாருக்கோ சித்தப்பா. மழை பொய்த்த வருடத்தில் அவர் நீட்டும் முன்பணத்தை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? அவரை நம்பிய பெண்களை ஏமாளிகள் என்று எழுதிய நூல்களைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்த ஆளோடு போ, தனியாகப் போகாதே என்று நாம் இன்றும் சொல்கிற அறிவுரையைத்தான் அவர்கள் பின்பற்றினார்கள்.

பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு பெண் காய்ச்சலில் படுத்தால் அவள் கூலி மட்டும் போகவில்லை, கங்காணியின் காசும் போயிற்று. அதனால்தான் லயத்துக் கதவை விடியும் முன்னே தட்டினார்கள். ஊரில் மாமாவாக இருந்தவர் மலையில் மேஸ்திரியாகவும் கடன்காரராகவும், பல தோட்டங்களில் மளிகைக் கடைக்காரராகவும் ஆனார். நான்கு பேருக்கும் ஒரே முகம். புகார் சொல்ல வேண்டுமென்றால் அதே ஆளைத் தாண்டித்தான் துரையிடம் போக வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் நடுவில் இருந்தது ஒரு காகிதம். அதற்கு ஆங்கில ஆவணங்களிலும் தமிழ்ப் பெயர்தான், துண்டு. இன்ன கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன். அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடுவார். அங்குள்ள துரை கூடுதலாகக் கொடுத்தால் கூட்டம் முழுவதும் இடம் மாறும், கடனும் கூடும். கூட்டத்தில் இருந்த பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது. அவள் கூலியைக் கணவன் கையில் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்ததால், எவ்வளவு சம்பாதித்தாள் என்பதும் தெரியாது. துண்டு முறையை ஒழித்து இலங்கை அரசு சட்டம் போட்டது 1921இல். 1927இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்து, அதன்படி நிர்ணயித்தபோது உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று எழுதினார்கள். கொழுந்து பறித்துக் கூடையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துண்டுக்கு முந்தியது தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஒரு புதுமுறை கொண்டுவந்தார்கள். தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த சிறிய தகர வில்லை. போகிறவர் அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டால் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு தர வேண்டாம், வழியில் சாப்பாடும் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் வழிதவறாமல் சரியான தோட்டத்துக்குப் போய்ச் சேர உதவிய முறை என்று அதைப் பாராட்டியவர்கள் உண்டு. ஓரளவு அது உண்மையும்கூட. அதற்கு முன்பு மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களில் ஏராளமானோர் வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தார்கள். ஆனால் இலவசமாகத் தெரிந்த அந்தப் பயணத்தின் செலவைத் தோட்டம் கங்காணியின் கணக்கில் எழுதியது. கங்காணி ஆட்களின் கணக்கில் எழுதினார். ஆக, மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே அவள் கடன்காரி.

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு பயணம் சுலபமானது. அதற்கு முன் மண்டபம் முகாமில் நிற்க வேண்டும். மருத்துவச் சோதனை, குளியல், துணிகளை ஆவியில் வேகவைத்தல், நோய் இல்லை என்று உறுதியாகும்வரை சில நாள் காவல். இராமேசுவரம் போகும் ரயிலில் இன்றும் மண்டபம் கேம்ப் என்றொரு நிலையம் வரும். பிற்காலத்தில் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். போர்க்கால அகதிகளும் அங்கேதான். ஒரே கூரைகளின் கீழ் போனவர்களும் வந்தவர்களும் தங்கிய இடம் அது. அதைப் பற்றி ஒரு பெண் எழுதிய முழு நூல் நம்மிடம் இருந்திருக்க வேண்டும் என்று அந்த நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் தோன்றும்.

கங்காணி முறை இப்படி என்றால், நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனது ஒப்பந்தக் கூலி முறை. சென்னையிலிருந்து முதல் கப்பல் நேட்டாலை அடைந்தது 1860 நவம்பரில். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று பின்னர் விதி செய்தார்கள். இது பெண்களின் நலனுக்கான விதி போலக் காதில் விழும். நடந்தது வேறு. கப்பல் கிளம்ப நாள் நெருங்கும், நாற்பது நிறைந்திருக்காது. அப்போது ஆள் பிடிக்கிறவர்களுக்குத் தனியாக வரும் பெண்ணின் விலை ஏறும். கோயில் வாசலிலும் சந்தையிலும் ரயிலடியிலும் நின்ற விதவைகளும், கணவனோடு சண்டையிட்டுப் பிறந்தகம் போன பெண்களும் இப்படிக் கப்பலுக்குப் போனார்கள். எல்லோரும் ஏமாற்றப்பட்டுத்தான் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் இருந்ததைவிட எதுவும் மேல் என்று தெரிந்தே ஏறியவர்களும் இருந்தார்கள். இதை நம் தேசிய வரலாறு சொல்லத் தயங்கியது.

1913இல் பிஜியில் குந்தி என்ற வடஇந்தியப் பெண் மேற்பார்வையாளரின் பலாத்காரத்திலிருந்து தப்ப ஆற்றில் குதித்தார். அவருடைய வாக்குமூலம் இந்தியப் பத்திரிகையில் வெளியானபோது நாடே கொதித்தது. பிஜி அரசோ அவரது நடத்தையைத்தான் விசாரித்தது. பாரதி பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாடினார். 1917 ஜனவரியில் அலகாபாத்தில் சரோஜினி நாயுடு ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராகப் பேசினார். அந்த ஆண்டே ஆள் அனுப்புவது நின்றது. பெண்களுக்காக எழுந்த குரல்களால் ஒரு கொடுமை முடிவுக்கு வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தக் குரல்கள் பேசியது மானத்தைப் பற்றி. தேசத்தின் மானம், குடும்பத்தின் மானம். கூலி எவ்வளவு, ஒப்பந்தம் யாரிடம், திரும்பி வர விரும்பினால் வழி என்ன என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. மானம் போன இடத்திலிருந்து திரும்பிவந்தவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதுமைப்பித்தனின் துன்பக்கேணியில் இலங்கைத் தேயிலைத் தோட்டம் போன மருதியைப் படித்தவர்களுக்கு அது தெரியும்.

அடுத்து 1922இல் வந்தது இந்தியக் குடிபெயர்வுச் சட்டம். கங்காணிக்கு உரிமம் கட்டாயமானது. அவர் சேர்த்த ஆள் போவதற்கு மறுப்பு எதுவும் இல்லை என்று கிராம முன்சீப் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல காவல்தான். யாருடைய மறுப்பு என்று கேட்டால்தான் அதன் குணம் தெரியும். முன்சீப் ஊரின் ஆதிக்கச் சாதி நிலக்காரர்களுக்கு வேண்டியவர். பண்ணையாள் போய்விட்டால் அறுவடைக்கு ஆள் இல்லையே என்பது நிலக்காரரின் மறுப்பு. பெண் என்றால் கணவனின், தகப்பனின் மறுப்பு. அவளுடைய சம்மதத்தை எழுத அந்தத் தாளில் எவ்வளவு இடம் இருந்திருக்கும்? 1938இல் மலேயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் உடலுழைப்புத் தொழிலாளர் போவதை இந்திய அரசு நிறுத்தியது. இலங்கை அரசு இந்தியத் தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கியதற்கான பதிலடி இலங்கைத் தடை. அரசுகளின் சண்டையில், ஊர் பார்க்க வந்துவிட்டு மலைநாட்டில் இருக்கும் குடும்பத்திடம் திரும்ப நினைத்தவர்கள் இக்கரையில் சிக்கினார்கள்.

தோட்டத்துக்குள் உண்மையைக் கொண்டுபோனவர்களில் ஒருவரை இங்கே சொல்லாமல் நகர முடியாது. மீனாட்சியம்மாள். அவருடைய கணவர் கோ. நடேசய்யர் இலங்கைத் தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடி. வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் துணி வியாபாரி போல வேடமிட்டு உள்ளே போனவர் என்று அவரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். படிக்கத் தெரியாதவர்களிடம் கணக்கையும் சட்டத்தையும் கொண்டுபோக அவர் கண்ட வழி, தெரிந்த மெட்டில் பாட்டு. இந்தியர்களின் இலங்கை நிலைமையைப் பற்றிய அவரது பாடல்கள் 1940இல் சிறு நூலாக அச்சாயின. துணி மூட்டைக் கதையைப் போல இந்தப் பாட்டுக் கதை ஏன் பரவவில்லை என்பது நம் வரலாற்றாசிரியர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் தாயகம் திரும்பியோர் என்ற பெயருடன், பார்த்தேயிராத ஊருக்கு வந்தார்கள். இறங்கிய இடத்திலேயே தரகர்கள் காத்திருந்தார்கள். மறுவாழ்வுக் கடன் வாங்கித் தருகிறேன், வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்று. எங்கள் பக்கத்துக் கொடைக்கானல் மலையில் இவர்களில் சிலர் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாக மரம் வெட்டிக்கொண்டிருந்தது 1980களில் வெளியே வந்தது. பழைய கங்காணி கடல் தாண்டி வரவில்லை, இங்கேயே புதிதாக முளைத்திருந்தார்.

இப்போது அந்தக் கழிப்பறைச் சுவர் நோட்டீசுக்கு வருவோம். "உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை" என்பதுதான் அதில் மிகவும் கவனிக்க வேண்டிய வரி. வளைகுடாவுக்கு ஓட்டுநராக, கொத்தனாராகப் போகும் ஆண்கள் ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் பல ஏஜெண்டுகள் கேட்பதில்லை. அவளை வேலைக்கு வைக்கிறவரிடம் வாங்கிக்கொள்கிறார்கள். ஊரில் இதைப் பெரிய சலுகை போலப் பேசுவார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வீட்டுக்காரர் சொல்வார்: உனக்காக இவ்வளவு கொடுத்திருக்கிறேன், இரண்டு வருடம் முடியாமல் எப்படிப் போவாய்? தகர வில்லையின் கணக்கேதான் இது.

கஃபாலா என்னும் முறையில், வளைகுடா நாட்டில் தங்கும் உரிமை வேலைக்கு வைத்தவரின் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. அவர் அனுமதியின்றி வேலை மாற முடியாது. சவுதியில் அவர் சம்மதமில்லாமல் நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாமல் இருந்தது. அண்மைக் காலத்தில் சில நாடுகள் விதிகளைத் தளர்த்தினாலும், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அந்தத் தளர்வு பல இடங்களில் எட்டவில்லை. வீட்டைவிட்டு வெளியேறியவள் மீது ஓடிப்போனவள் என்று புகார் பதிவு செய்யலாம். சவுதியில் அதற்கு ஹுரூப் என்று பெயர். தப்பித்தவளே குற்றவாளி ஆகிவிடுவாள். பாஸ்போர்ட்டையும் முதல் நாளே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. முதலாளி அதை வைத்துக்கொள்வது சவுதிச் சட்டப்படியும் தவறு. துண்டை யார் வைத்திருந்தார் என்ற கேள்விதான் இங்கேயும்.

நம் சட்டம் என்ன செய்தது? 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜெண்டுகள் மட்டுமே வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். தொழிலாளியிடம் அவர்கள் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ரசீது தர வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. அந்த அனுமதியோடு போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு கட்டாயம். ஈசிஆர் உள்ள பெண்ணுக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 ஆகஸ்டிலிருந்து, அவர்களைத் தனியார் ஏஜெண்டுகள் எடுக்கக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே போகலாம் என்றது மத்திய அரசு. தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2015இல், ரியாத்தில் வீட்டு வேலை செய்த தமிழ்நாட்டுப் பெண் ஒருவர், வேலை செய்த வீட்டிலிருந்து தப்ப முயன்றபோது ஒரு கையை இழந்து ஊர் திரும்பினார். நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. முப்பது வயது விதியால் அவருக்கு ஆனது ஒன்றுமில்லை. வீட்டு வேலைத் தொழிலாளர் பற்றி இந்தியாவும் சவுதியும் கையெழுத்திட்ட 2014 ஒப்பந்தமும் அப்போது நடைமுறையில் இருந்தது. வயதை வைத்துப் பெண்ணைத் தடுப்பது அரசுக்குச் சுலபம். அவள் போய்ச் சேர்ந்த வீட்டின் கதவைத் தட்டுவது கடினம். வீட்டு வேலைத் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. நம் வீடுகளில் வேலை செய்கிற பெண்களுக்கும் அது பொருந்துமே என்ற தயக்கம் இதில் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

தடை வந்ததும் தேவை குறையவில்லை, வழி மாறியது. விசிட் விசா. சுற்றுலாப் பயணியாக ஒரு நாட்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு நாட்டு வீட்டுக்கு. குடிபெயர்வு அனுமதி இல்லை, காப்பீடு இல்லை, ஒப்பந்தம் இல்லை; அவள் வேலைக்குப் போனதாக எந்த ஏட்டிலும் இல்லை. விமான நிலையத்தில் கேட்டால் "சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லச் சொல்லி ஏஜெண்ட் பயிற்சி தருவார். அந்தப் பொய்யைச் சொல்ல வைப்பதில் அவருக்கு இரட்டை லாபம். நாளை புகார் கொடுக்கப் போனால், நீயும்தானே பொய் சொன்னாய் என்று வாயை அடைக்கலாம்.

படித்தவர்களுக்கு இது நடக்காது என்று கல்லூரி மாணவிகள் என்னிடம் சொன்னதுண்டு. 2015இல் கேரளத்தில் வெளிவந்த குவைத் செவிலியர் வழக்கைச் சொல்வேன். 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு ஏறக்குறைய பத்தொன்பதரை லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. கொடுத்தவர்கள் ஆங்கிலம் படித்த செவிலியர்கள். எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் செய்தியைப் பலரும் வாசித்தார்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்து மியான்மரின் மியாவதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்ட தமிழர்களும் பட்டதாரிகள், பொறியாளர்கள். அந்த அக்டோபரில் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்களைக் கொண்டே இன்னொருவரை ஏமாற்ற வைக்கும் இந்தத் தொழிலில் கங்காணிக்கு ஆங்கிலமும் கணினியும் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு எல்லை தாண்டுவது தினசரி வேலை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியலில் ஜீப்புகள் ஏறுகின்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்க முடியும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்பலாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் சாலைகள் மூடப்பட்டபோது, மேலே இருந்தவர்கள் காட்டுப் பாதைகளில் நடந்தே இறங்கினார்கள். பாதை தெரிந்த மூத்த பெண்கள் முன்னால் போனார்கள் என்று கூடலூரில் ஒரு பாட்டி எனக்குச் சொன்னார். அந்தப் பாட்டியிடம் பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்டேன். யாருடைய ஜீப், எந்தத் தோட்டம், கூட வருகிறவள் யார், சாயங்காலம் வரவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, இந்த நாலும் தெரிந்திருந்தால் போகலாம் என்றார். ஆண் துணை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மதினியின் தம்பி ஏற்பாட்டில் விசிட் விசாவில் போனவர். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவருக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஜன்னலிலிருந்து தெரிந்த கடைப் பலகையை அந்த வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டாராம். பதினான்கு மாதம். சம்பளம் ஒன்பது மாதத்துக்கு வந்தது. திரும்பி வந்ததும் ஊர் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல. அவர் பதில் சொல்லாமல் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிவிட்டார்.

போன மாதம் அதே அக்கா என் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மகளின் படிப்புக் கடன் இருக்கிறது, மறுபடி போகப் போகிறார். இந்த முறை அரசு நிறுவனம் வழியாக. மதினி வீட்டோடு பேச்சு நின்றுவிட்டது, அது தனிக் கதை. பயமாக இல்லையா என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

"பயமெல்லாம் இருக்கு. போன தடவ எங்க போறேன்னே தெரியாம போனேன். இந்தத் தடவ தெரிஞ்சு போறேன்ல" என்றார்.

உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினார். பாஸ்போர்ட் நகல் மூன்று: ஒன்று மகளிடம், ஒன்று என்னிடம், ஒன்று பெட்டியின் உள் துணியைப் பிரித்துத் தைக்க. தூதரக எண்ணை நூலால் பாவாடை ஓரத்தில் தைத்திருந்தார். எண்கள் கொஞ்சம் கோணல், ஆனால் படிக்க முடிந்தது. போனைப் பிடுங்கினாலும் பாவாடையைப் பிடுங்க மாட்டார்கள் என்று சிரித்தார். கடைசியாக ஒப்பந்தத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது.

"வார லீவு உண்டா, போனு பேச விடுவாங்களா, பாதியில வந்தா டிக்கெட்டு யாரு காசு, இந்த மூணையும் மொதல்ல பார்த்துச் சொல்லு தங்கச்சி."

நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் படிக்கத் தொடங்கினேன்.

"இரு இரு, வேகமா போகாத. பேனா எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தார்.